பாதத்தின் மேல் ஒரு பாதம்: கரவாஜ்ஜோவின் ‘பாலாஃப்ரெனியேரி மாதா’

உரோமையின் போர்கேசே கலைக்கூடத்தில் உள்ள, இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1605-06இல் வரைந்த ‘பாலாஃப்ரெனியேரி மாதா’ (திருத்தந்தையின் குதிரைப் பணியாளர்களின் மாதா) ஓவியத்தைப் பற்றி மூன்று கேள்விகள் வந்திருக்கின்றன. குழந்தை இயேசு ஏன் தன் தாயின் காலின் மேல் காலை வைத்து நிற்கிறார்? அருகில் நிற்கும் மூதாட்டி ஏன் எதுவும் செய்யாமல் வேடிக்கை பார்க்கிறார்? இத்தகைய ஓவியத்தைப் புனித பேதுரு பேராலயத்திலிருந்து ஏன் சில நாட்களிலேயே அகற்றினார்கள்? பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலையின் பரோக் பாணி என்பதை இந்த ஓவியத்தில் எங்கே காண்பது என்ற துணைக்கேள்வியும் அவற்றோடு சேர்ந்திருக்கிறது. நான்கையும் தனித்தனியே விளக்கினால் ஓவியம் சிதறிப்போகும் என்று கருதுகிறேன். முதல் கேள்வியில் உள்ள அந்த இரண்டு பாதங்களிலிருந்துதான் மற்ற அனைத்தும் கிளைக்கின்றன.

முதலில் ஓவியத்தில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் கொண்ட துணியில், ஆளுயரத்தில் மூன்று உருவங்கள் நிற்கின்றன. இடப்புறம் சிவப்பு மேலாடை அணிந்த மரியாள், வீட்டு வேலையின் நடுவே எழுந்து வந்தவளைப் போல ஆடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்னே குனிந்து, மகனின் அக்குளுக்கடியில் கைகொடுத்துத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மகன் கைக்குழந்தை அல்ல. நன்றாக நின்று நடக்கக்கூடிய சிறுவன், உடலில் ஒட்டுத்துணி இல்லை. வலப்புறம் மரியாளின் தாயான புனித அன்னா, சுருக்கம் விழுந்த முகத்தோடு, இரு கைகளையும் வயிற்றருகே கோத்துக்கொண்டு கீழே பார்க்கிறார். தரையில் ஒரு பாம்பு நெளிகிறது. அதன் தலையை மரியாளின் வெறுங்கால் மிதித்திருக்க, அந்தக் காலின் மேல் சிறுவனின் கால் பதிந்திருக்கிறது. பின்னால் அரியணை, வானதூதர்கள், மேகம், தோட்டம் என்று எதுவுமே இல்லை, இருட்டுதான் இருக்கிறது.

இந்த மிதித்தலின் வேர் விவிலியத்தின் முதல் நூலில், மூன்றாம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில் இருக்கிறது. ஏவாளை ஏமாற்றிய பாம்பை நோக்கிக் கடவுள் பேசும் இடம் அது: உனக்கும் பெண்ணுக்கும், உன் வித்துக்கும் அவள் வித்துக்கும் பகை உண்டாக்குவேன் என்று சொல்லிவிட்டு, உன் தலை நசுக்கப்படும் என்கிறார். நசுக்குவது யார் என்பதில்தான் சிக்கல். எபிரேய மூலத்தில் அங்கு வருவது ஆண்பாற் சொல். ஆகவே பெண்ணின் வித்து, அதாவது அவள் மகன், நசுக்குவான் என்று பொருள்படும். ஆனால் மேற்குத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓதிவந்த இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவில் ‘இப்ஸா’ என்ற பெண்பாற் சொல் நிலைபெற்றுவிட்டது. அதன்படி நசுக்குவது அவள். உரோமையிலிருந்து பிரிந்த சீர்திருத்த சபையினர் (புராட்டஸ்டண்டுகள்) எபிரேய மூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கத்தோலிக்கர் மகனுக்குரிய வெற்றியைத் தாய்க்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். உரோமை அசையவில்லை, 1592இல் அது அதிகாரபூர்வமாக வெளியிட்ட வுல்காத்தா பதிப்பிலும் ‘இப்ஸா’ அப்படியே நின்றது.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நம்மிடையே வெகுகாலமாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த வசனம் “அவர் உன் தலையை நசுக்குவார்” என்று வருகிறது. மரியாதைப் பன்மையான ‘அவர்’ ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஐரோப்பாவில் ஒரு சொல்லின் மேல் நடந்த சண்டை, நம் மொழியின் மரியாதை வழக்கில் சத்தமில்லாமல் அடங்கிப்போய்விடுகிறது. ஓவியத்துக்கு அந்த வசதி கிடையாது. பாம்பின் தலைமேல் ஒரு குறிப்பிட்ட ஆளின் காலை வரைந்தே ஆக வேண்டும். அது தாயின் காலா, மகனின் காலா என்று ஓவியர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

அந்த முடிவைக் கரவாஜ்ஜோ தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1569இல் செபமாலையைப் பற்றி வெளியிட்ட ஆணையில், மரியாள் தன் மகவினாலேயே பாம்பின் தலையை நசுக்கினாள் என்ற கருத்து வந்துவிட்டது. அவளும் நசுக்கினாள், ஆனால் அவரைக் கொண்டே நசுக்கினாள் என்று இரு தரப்பின் வாசகத்தையும் இணைக்கும் விளக்கம் அது. இதைக் காட்சியாக்கிய ஓவியமும் முன்னமே இருந்தது. மிலானைச் சேர்ந்த அம்புரோஜோ ஃபிஜினோ என்பவர், தாயும் மகனும் கால்மேல் கால் வைத்துப் பாம்பை மிதிப்பதைத் தம் நகரத்து ஆலயம் ஒன்றுக்காக வரைந்திருந்தார். கரவாஜ்ஜோ தொழில் கற்றதும் மிலானில்தான் என்பதால், அதை அவர் பார்த்து வளர்ந்திருப்பார் என்று கருதுவதில் தவறில்லை. எனவே பாதத்தின் மேல் பாதம் என்ற அமைப்பு ஓவியரின் குறும்பு அல்ல. அது சபையின் நிலைப்பாட்டைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றும் இறையியல் வாக்கியம். இந்த ஓவியத்தைக் கலகக்காரரின் படைப்பாக மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கரவாஜ்ஜோ சேர்த்தது உடலின் எடையை. பொதுவாக இத்தகைய காட்சியில் பாம்பு ஒரு முத்திரையாக மட்டும் இருக்கும்: மாதாவின் காலடியில் சுருண்டு கிடக்கும், மாதா அதைப் பாராமலே அருள்பாலித்துக்கொண்டிருப்பார். நம் ஊர்க் கோவில்களில் காணும் அமல உற்பவ மாதா சுரூபங்களிலும் அப்படித்தான். அந்தப் பாம்பு உயிருள்ளது என்று யாருக்கும் தோன்றாது. இந்த ஓவியத்திலோ தாய் கவனத்தோடு குனிந்து பார்க்கிறார். நடை பழகும் பிள்ளையைத் தன் புறங்காலின்மேல் ஏற்றி நிறுத்தி அடியெடுத்து வைக்கச் சொல்லித் தருவது எந்த வீட்டிலும் நடப்பது. அந்த வீட்டுப் பழக்கத்தைத்தான் அவர் இறையியல் வாக்கியத்துக்கு உடலாகக் கொடுத்திருக்கிறார். மகன் வளர்ந்த சிறுவனாக இருப்பதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. கைக்குழந்தையின் பாதத்துக்கு அழுத்தும் வலு கிடையாது. மிதிக்கும் செயலில் அவருக்கும் பங்கு உண்டு என்று காட்ட வேண்டுமானால் அவர் நிற்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனாலும் தாய் பிடித்திருந்தால்தான் அவரால் நிற்க முடிகிறது. தாயின் கால் மகனின் எடையால் அழுந்துகிறது, மகன் தாயின் கையால் நிற்கிறார். இருவரில் ஒருவரை நீக்கினாலும் அந்தப் பாம்பு தப்பிவிடும்.

சிறுவனின் நிர்வாணத்துக்கும் இதே வழியில்தான் பொருள் காண வேண்டும். கடவுள் முழு மனித உடலை எடுத்தார் என்பதற்குச் சான்றாகக் குழந்தை இயேசுவை ஆடையின்றி வரைவது முந்தைய இரு நூற்றாண்டுகளில் இத்தாலியில் சாதாரணமாக இருந்தது. 1563 டிசம்பரில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் திருவுருவங்களைப் பற்றி ஆணை பிறப்பித்த பிறகு காற்று மாறியது. உருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் அவை குறிக்கும் ஆளையே சேரும் என்று சங்கம் உறுதி செய்தது; கூடவே, அவற்றில் காமக் கவர்ச்சி கூடாது, ஆயரின் ஒப்புதலின்றி வழக்கத்துக்கு மாறான உருவம் எதையும் ஆலயத்தில் வைக்கக் கூடாது என்றும் சொன்னது. லூவேன் இறையியலர் மோலானுஸ் 1570இல் வெளியிட்ட நூலில் குழந்தை இயேசுவை நிர்வாணமாக வரையும் வழக்கத்தையே கண்டித்தார். கைக்குழந்தையின் நிர்வாணத்துக்கே இந்த எதிர்ப்பு என்றால், வெளிச்சம் முழுதும் தன்மேல் விழ முன்னால் நிற்கும் சிறுவனின் நிர்வாணம் எப்படிப் பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த மூதாட்டி. புனித அன்னா, மரியாள், இயேசு ஆகிய மூவரையும் ஒன்றாகக் காட்டுவது பழைய மரபு. இத்தாலிய ஓவியர்கள் மசாச்சோவும் மசொலீனோவும் 1420களில் சேர்ந்து வரைந்த பலகையில் அன்னா அரியணையில் வீற்றிருக்க, அவர் முன்னால் மரியாள், மரியாளின் மடியில் குழந்தை என்று மூன்று தலைமுறையும் ஒன்றன்முன் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். லியொனார்தோவின் ஓவியத்தில் மரியாள் அன்னாவின் மடியிலேயே அமர்ந்திருப்பார். உரோமையின் சாந்த் அகொஸ்தினோ ஆலயத்தில் ஆந்திரேயா சான்சொவீனோ 1512இல் செதுக்கிய பளிங்குச் சிலையிலும் அன்னாவின் கை குழந்தைவரை நீள்கிறது. இந்த மரபு முழுவதிலும் அன்னா தொடுகிறார், அணைக்கிறார், தாங்குகிறார். கரவாஜ்ஜோவின் அன்னா எதையும் தொடவில்லை.

இதற்கு ஒரு வழக்கமான விளக்கம் உண்டு. அன்னா என்ற எபிரேயப் பெயருக்கு அருள் என்று பொருள். ஆகவே அவர் செயலின்றி நிற்பது, நிகழ்வின் அருகே அருள் நிலைகொண்டிருப்பதைக் குறிக்கிறது என்பார்கள். தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் எனக்கு நிறைவில்லை. அன்னா இங்கே நிற்பதற்கு வலுவான வேறொரு காரணம் இருக்கிறது: ஆதாம் ஏவாளிடமிருந்து எல்லா மனிதருக்கும் வருவதாகச் சொல்லப்படும் ஜென்மப் பாவமின்றி மரியாள் உருவானது அன்னாவின் வயிற்றில்தான் என்பது அமல உற்பவ நம்பிக்கை. அது சபையின் கட்டாயக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது 1854இல்தான். கரவாஜ்ஜோவின் காலத்தில் பிரான்சிஸ்கத் துறவியர் அதை ஆதரிக்க, தொமினிக்கத் துறவியர் மறுத்துவந்தனர். பாம்பு ஜென்மப் பாவத்தின் உருவம். அந்தப் பாவத்தின் தொடர்பு எந்த வயிற்றில் அறுந்தது என்று ஆதரவாளர் நம்பினார்களோ, அந்த வயிற்றின் மேல்தான் அன்னாவின் கைகள் கோத்திருக்கின்றன. ஓவியர் இதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அன்றைய பக்தரின் கண் அங்கே போயிருக்கும். எப்படியிருந்தாலும், பேரனின் முதல் வீரத்தைச் சற்றே தள்ளி நின்று, கை நீட்டித் தடுக்காமல், பதற்றமும் இல்லாமல் பார்க்கும் கிழவியின் முகத்தை இவ்வளவு உண்மையாக அதுவரை யாரும் வரைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பாணியைப் பற்றித் தனியே சொல்ல மிச்சம் இருப்பது வெளிச்சம். பரோக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சுழலும் மேகமும் பறக்கும் ஆடையும் பொற்சரிகையுமான கூரை ஓவியங்கள்தான். கரவாஜ்ஜோவிடம் அவற்றில் ஒன்றும் இல்லை. அவர் பழுப்புநிற அடிப்பூச்சின் மேல், தனியாகக் கோட்டுச்சித்திரம் தீட்டாமல், தேவையான இடங்களில் ஈரப்பூச்சில் கீறிக் குறித்துக்கொண்டு நேரே வரைந்தவர். அடிப்பூச்சின் இருளை அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சம் படும் இடங்களை மட்டும் எழுப்புவார். இந்த ஓவியத்தில் ஒளி இடப்புறம் மேலிருந்து, சட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. சிறுவனின் உடல்தான் எல்லாவற்றையும்விடப் பிரகாசம். மரியாளின் கழுத்திலும் மார்பிலும் அது பரவுகிறது; அன்னாவை அடையும்போது முகத்தின் சுருக்கங்களைத் தொட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. பழைய ஓவியங்களில் தெய்வீகம் உருவங்களின் உள்ளிருந்து ஒளிரும். இங்கே உருவங்கள் நம்மைப் போன்ற சதை, ஒளி மட்டுமே வேறெங்கிருந்தோ வருகிறது. அன்னாவின் தலைமேலும் மரியாளின் தலைமேலும் இருக்கும் ஒளிவட்டங்கள் நூலிழை போன்ற பொன் வளையங்கள். பார்க்கத் தவறினாலும் தவறிவிடலாம். கீழே பாம்பின் சுருள்களும் வளையங்கள்தான். மேலே அசையாத இரண்டு வட்டம், கீழே முறுக்கி அவிழும் வட்டம் என்ற இந்த எதிரொலி தற்செயலாக இருக்க முடியாது.

இந்த ஓவியம் பலிபீடத்துக்குப் பின்னால் வைப்பதற்காக வரையப்பட்டது என்பதை நினைவில் கொண்டால் இன்னொன்றும் விளங்கும். குரு பீடத்தின்முன் நின்று நற்கருணை அப்பத்தை உயர்த்தி, இது என் உடல் என்ற சொற்களால் அர்ச்சிக்கும் திசையில், ஒளியில் நிற்கிறது அந்தச் சிறுவனின் ஆடையில்லாத உடல். அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறதா என்பதும் அந்த நூற்றாண்டின் பெருஞ்சண்டைகளில் ஒன்று. கலைக்கூடத்தின் சுவரில் இந்தத் தொடர்பு நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், 1604க்கும் 1606க்கும் இடையில், கரவாஜ்ஜோ வரைந்த மற்றொரு தாய்-சேய் ஓவியம் ‘லொரேத்தோ மாதா’. சான்சொவீனோவின் அன்னா சிலை உள்ள அதே சாந்த் அகொஸ்தினோ ஆலயத்தில், கவல்லெத்தி குடும்பத்தின் சிற்றாலயத்தில் அது இன்றும் இருக்கிறது. பூச்சு உதிர்ந்த ஒரு வீட்டு வாசலில், கனத்த பிள்ளையை இடுப்பில் ஏந்தியபடி மரியாள் வந்து நிற்கிறார். முன்னால் இரண்டு ஏழை யாத்திரிகர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆணின் அழுக்குப் பாதங்கள் நம் முகத்துக்கு நேரே நீண்டிருக்கின்றன, கிழவியின் தலைத்துணி கிழிந்து அழுக்கேறியிருக்கிறது. இதைப் பார்த்து எளிய மக்கள் பெரும் கூச்சல் எழுப்பினார்கள் என்று கரவாஜ்ஜோவின் பகைவரும் ஓவியருமான பாலியோனே 1642இல் எழுதினார். அவர் ஏளனமாகச் சொன்னதை வேறுவிதமாகவும் வாசிக்கலாம்: தங்கள் பாதங்களைப் பலிபீடத்தில் கண்ட மக்கள் கூவாமல் என்ன செய்வார்கள்? அதுவும் பாதங்களால் பேசும் ஓவியம்தான். அங்கே நடந்து தேய்ந்த பாதம், இங்கே மிதித்து நசுக்கும் பாதம். இரண்டிலும் மரியாளுக்கு ஒரே பெண்ணின் சாயல் இருப்பதைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். 1605 ஜூலையில் கரவாஜ்ஜோ ஓர் ஆவண எழுத்தரை வாளால் தாக்கிய வழக்கில் பேசப்படும் லேனா என்ற பெண்தான் அது என்று கருதுவோர் உண்டு. ஓவியத்தின் பொருளுக்கு இதனால் கூடுவதும் குறைவதும் இல்லை. ஆனால் தெருவில் காணும் ஒரு முகம் பீடத்தில் இருந்தது என்ற செய்தி அன்றைய உரோமையில் பரவாமல் இருந்திருக்காது.

இதே காலத்தில் இதற்கு நேர்மாறான வழியும் இருந்தது. ஃபிளாண்டர்ஸ் ஓவியர் ரூபன்ஸ் 1608இல் உரோமையின் சாந்தா மரியா இன் வல்லிசெல்லா ஆலயத்தின் பெரிய பீடத்துக்கு வரைந்து முடித்த ஓவியத்தில் வானதூதர்கள் கூட்டமாகச் சூழ்ந்து ஒரு தாய்-சேய் உருவத்தைத் தாங்குகிறார்கள். அந்த உருவம் செப்புத்தகட்டில் வரையப்பட்டு அகற்றத்தக்கதாக இருக்கிறது. அகற்றினால், பின்னால் மக்கள் வணங்கிவந்த பழைய அற்புத மாதா படம் தெரியும். பக்தரை வியப்பால் மேலே தூக்குவது ரூபன்ஸின் வழி. பக்தரின் தரைக்கே நிகழ்வை இறக்குவது கரவாஜ்ஜோவின் வழி. இரண்டும் பரோக்தான், ஏனெனில் இரண்டுமே பார்ப்பவரைப் பார்வையாளராக விட்டுவைப்பதில்லை.

கடைசியாக, அகற்றப்பட்ட கதை. பாலாஃப்ரெனியேரி என்போர் திருத்தந்தையின் குதிரைப் பணியாளர்கள். அவர்களுடைய பக்த சபையின் பாதுகாவலர் புனித அன்னா. திருத்தந்தை ஐந்தாம் பவுல் பழைய பேராலயத்தில் எஞ்சியிருந்த பகுதியை இடிக்க முடிவு செய்தபோது, புதிய பேராலயத்தில் அவர்களுக்கென ஒரு பீடத்துக்கு ஓவியம் தேவைப்பட்டது. 1605இன் இறுதியில் கரவாஜ்ஜோவிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1606 ஏப்ரலில் ஓவியம் பீடமேறியது. சில நாட்களிலேயே அங்கிருந்து இறக்கப்பட்டு, அந்தப் பக்த சபையின் சொந்த ஆலயமான சாந்த் அன்னாவுக்குப் போயிற்று. மரியாளையும் ஆடையற்ற சிறுவனையும் இழிவாகக் காட்டியதால் அகற்றப்பட்டது என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பெல்லோரி 1672இல் எழுதினார். நிகழ்ச்சிக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிந்திய குரல் அது. அதுவும் இயல்பை அழகுபடுத்தியே வரைய வேண்டும் என்று நம்பிய ஒருவரின் குரல். அவர் சொல்லும் காரணத்தை நான் மறுக்கவில்லை. தாழ்ந்த கழுத்துள்ள மேலாடையோடு குனிந்து நிற்கும் மரியாள், திரெந்து சங்கத்தின் எச்சரிக்கையை மனப்பாடம் செய்திருந்த கர்தினால்களுக்கு உவப்பாக இருந்திருக்க முடியாது. ஆனால் பணம் கொடுத்தவர்களின் இடத்தில் நின்று பார்த்தால் வேறொரு குறையும் தெரிகிறது. அவர்கள் தங்கள் பாதுகாவலரைப் பெருமைப்படுத்தக் கேட்டார்கள்; கிடைத்ததோ ஓரத்தில், பாதி நிழலில், கையைக் கட்டி நிற்கும் ஒரு கிழவி. இறையியல் சரியாக இருந்தும், அதன் மாந்தர்கள் உலகத்தின் முதன்மையான ஆலயத்தில் நிற்கத் தகுந்த தோற்றத்தில் இல்லை என்பதே சிக்கல். அந்தத் தோற்றத்தை மாற்றியிருந்தால், பாதத்தின் மேல் பதிந்த பாதத்துக்கு எடை இருந்திருக்காது.

குதிரைப் பணியாளர்கள் இந்த ஓவியத்துக்குக் கொடுத்த மொத்தத் தொகை 75 ஸ்கூதி (அன்றைய உரோமை நாணயம்). சில மாதங்களுக்குள் திருத்தந்தையின் சகோதரி மகனான கர்தினால் ஷிப்பியோனே போர்கேசே அதை 100 ஸ்கூதிக்குத் தமது மாளிகைக்கு வாங்கிக்கொண்டார். அப்போது கரவாஜ்ஜோ உரோமையில் இல்லை. 1606 மே 28 அன்று ரனூச்சோ தொமஸ்ஸோனி என்பவரைச் சண்டையில் கொன்றுவிட்டுத் தப்பியோடியிருந்தார்.